குளிர்ப் பெட்டிக்கு வைத்தியம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில் சிறிது தூரம் சென்றதும் திருப்பாச்சூர் வரும். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கிலடியில் வெளிப்பட்ட வாசீஸ்வரரை அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள் என்பது இவ்வூருக்குப் பெருமை. மூங்கில் நிழலில் ஈசன் எழுந்தருளியதற்குக் காரணம் என்னவாயிருக்கும் என்று யாராவது நம்மைக் கேட்டால், இவ்வூர்ச் சித்திரை வெயில்தான் காரணம் என்று சொல்லிவிடுவோம். அவ்வளவு கடுமை!

அப்படிப்பட்ட வெயிலில், 2024-ஆம் வருஷம் அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், நம் வீட்டுக் குளிர்ப் பெட்டி வேலை நிறுத்தம் செய்துவிட்டது.

பால் திரிந்தது, மாவு பொங்கியது, மோர் புளித்தது. இவையெல்லாம் போகட்டும். பால் திரிந்தால் வேறு பால் வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள்ளே நம் தாயாருக்கு வேண்டிய இன்சுலின் மருந்து நான்கு புட்டிகள் இருந்தன. அந்த மருந்தைத் திறக்காமல் வைத்திருக்கும் வரையில் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் வரை உள்ள குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் வெந்தால் வீரியம் போய்விடும். உறைந்து போனாலும் உதவாது. வீட்டுக்கு வெளியே உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டி நின்றது.

"ஏண்டாப்பா, இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறாயே, இந்தப் பெட்டிக்கு என்ன வந்தது என்று உனக்குத் தெரியாதா?" என்று தாயார் கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. உஷ்ணத்தின் இயல்பைப் பற்றிக் கரும்பலகையில் படம் போடுவது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பெட்டியின் பின்புறத்தை எட்டு வருஷமாக ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

'டக்' என்ற சப்தம்

பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பெட்டியின் பின்னால் கையை விட்டார். "கம்ப்ரஸர் போயிடுச்சு சார். மாற்றினால் ஏழாயிரம் ஆகும். பழைய பெட்டிக்கு இத்தனை செலவு எதற்கு? புதுசாக வாங்கிவிடுங்கள்" என்று கூறிவிட்டு, பார்த்த கூலியை வாங்கிக்கொண்டு போனார். வந்ததிலிருந்து போனது வரையில் ஐந்து நிமிஷம்.

மாதக் கடைசி. ஏழாயிரத்துக்கு எங்கே போவது? நம் சகதர்மிணி ஒரு யோசனை சொன்னாள். பெரிய மண் பானை ஒன்று, சிறிய பானை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஈர மணல். சிறிய பானைக்குள் நன்றாக மூடிய டப்பாவில் மருந்துப் புட்டிகள். மேலே ஈரத் துணி. பானையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். இதனால் 8 டிகிரி வராதுதான். ஆனாலும் அறையின் உஷ்ணத்தைக் காட்டிலும் பல டிகிரி குறையும். இரண்டொரு நாளைக்கு இது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

மறு நாள் நம்மிடம் முன்பு படித்த பிள்ளை ஒருவர் யதேச்சையாக வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்பில் பௌதிகத்தில் முப்பத்தைந்து மார்க்குக்கு மேல் வாங்காதவர். பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதன வேலை கற்று, இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலையாயிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"சார், உள்ளே விளக்கு எரிகிறதா?"

"எரிகிறது."

"அப்படியானால் மின்சாரம் வருகிறது. பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா?"

காது கொடுத்துக் கேட்டோம். சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை 'ம்...' என்று ஒரு முனகல், பிறகு 'டக்' என்று ஒரு சப்தம், அப்புறம் நிசப்தம்.

"கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை. சூடேறி எரிந்து போகாமல் இருக்க, காவல்காரன் மாதிரி ஒரு சின்னச் சாமான் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுகிற சத்தம்தான் 'டக்'. கம்ப்ரஸர் செத்துப் போயிருக்கலாம்; சாகாமலும் இருக்கலாம். நாடி பிடித்துப் பார்க்காமல் எப்படிச் சார் சொல்வது?"

குரு சிஷ்யனானது அந்த நிமிஷத்தில்தான்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

வைத்தியத்துக்கு முன்னால் உடற்கூறு தெரிய வேண்டும் அல்லவா? குளிர்ப் பெட்டி குளிரை உண்டாக்குவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். குளிர் என்று ஒரு சரக்கு உலகத்தில் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் இந்த யந்திரத்தின் வேலை. ஆகையால்தான் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிர்வதில்லை. உள்ளே எடுத்த உஷ்ணத்தைப் பின்னால் கொட்டுவதோடு, யந்திரம் உழைத்த உஷ்ணமும் சேர்ந்து அறை இன்னும் சூடாகிறது.

மண் பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ப் பெட்டியிலும் இதே தத்துவந்தான். தண்ணீருக்குப் பதிலாக வெகு சுலபமாக ஆவியாகும் ஒரு திரவம். அது உறைபனி அறையின் குழாயில் ஆவியாகி உஷ்ணத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியை கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடான ஆவி, பின்புறம் அல்லது பக்கச் சுவரில் உள்ள குழாய் வழியே சென்று, உஷ்ணத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. மயிரிழை போன்ற ஒரு நுண்குழாயில் நுழைந்து மீண்டும் உள்ளே வருகிறது. இந்தப் பிரதக்ஷிணம் ஓயாமல் நடக்கிறது.

இந்த வித்தை கைகூடுவதற்கு முன்னால் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1833-ஆம் வருஷம் பாஸ்டன் நகரத்து வர்த்தகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' என்று ஜனங்கள் இன்னும் சொல்லுகிறார்களே, அதுதான். பனிக்கட்டி வியாபாரம் ஓய்ந்த பிறகு, 1897-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். பத்தாயிரம் மைல் தாண்டி வந்த அமெரிக்கப் பனிக்கட்டியை எதிர்பார்த்து நின்ற அந்தப் பட்டணத்தில், இன்று பெட்டிக்கடையிலும் குளிர்ப் பெட்டி இருக்கிறது.

கப்பல் பனிக்கட்டிக்கு முடிவு கட்டியவர்களில் ஒருவர் பத்திரிகைக்காரர் என்பது நமக்கெல்லாம் சந்தோஷம் தரக்கூடிய விஷயம். ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்னும் ஊரில் பத்திரிகை நடத்திய ஜேம்ஸ் ஹாரிஸன், அச்செழுத்துக்களை ஈதர் என்ற திரவத்தால் கழுவும்போது உலோகம் சில்லிட்டுப் போவதைக் கவனித்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு 1850-களில் பனிக்கட்டி செய்யும் யந்திரத்தையே அமைத்துவிட்டார். நம் தேசத்தில் 1958-ல் காத்ரெஜ் நிறுவனம் வீட்டுக் குளிர்ப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. இன்று நமக்கு அருகாமையில், சுங்குவார்சத்திரத்திலேயே குளிர்ப் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. பெட்டி நம் ஊருக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிய அறிவுதான் இன்னும் நம் வீட்டுக்குள் வரவில்லை.

நாடி பிடித்தல்

நிற்க, நம் நோயாளியிடம் திரும்புவோம்.

மாணவர் முதலில் செய்த காரியம் பிளக்கைப் பிடுங்கியது. "சார், இதை மட்டும் ஒரு நாளும் மறக்கக் கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும்" என்றார். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனை பூமியோடு சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்தார். உலோகப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பது அந்த மூன்றாவது முனைதான். அதை ஒடித்துவிட்டு இரண்டு முனையில் சொருகி வைக்கும் வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. அவ்வீட்டார் தினந்தோறும் யமனோடு கை குலுக்குகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தபடி மல்ட்டி மீட்டரால் சுவரில் உள்ள பிளக்குத் துளையில் வோல்ட்டை அளந்தார். மாலை ஏழு மணி. தெரு முழுவதும் குளிர் யந்திரங்கள் ஓடும் நேரம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 காட்டியது. "ஸ்டெபிலைஸர் இல்லையா சார்?" என்று கேட்டார். இருந்தது. கிரிக்கெட் பந்தயம் பார்ப்பதற்காக நாமே அதைக் கழற்றித் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாட்டியிருந்தோம்! நாம் தலையைக் குனிந்துகொண்டோம்.

மறு நாள் காலையில் வோல்ட் 225-க்கு ஏறியிருந்தது. அப்போதும் அதே முனகல், அதே 'டக்'. ஆகையால் இன்றைய நோய்க்குத் தாழ்ந்த வோல்ட் மட்டும் காரணம் அல்ல என்று ஏற்பட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு சாமான்கள். ஒன்று, கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே. மற்றொன்று, சூடேறினால் மின்சாரத்தை வெட்டும் ஓவர்லோடு. ரிலேயை உருவிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே உடைந்த கிளிஞ்சல் போலக் 'கலகல' என்றது. மீட்டரும் அதன் வழியே மின்சாரம் போகவில்லை என்று காட்டியது.

"நோய் அகப்பட்டது. ஆனாலும் கம்ப்ரஸர் நன்றாயிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்" என்றார் மாணவர். கம்ப்ரஸரில் மூன்று ஊசிகள் இருக்கின்றன. ஒன்று பொது, ஒன்று கிளப்பும் சுருளுக்கு, ஒன்று ஓட்டும் சுருளுக்கு. ஊசிகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் வரும். சின்ன எண்கள் இரண்டையும் கூட்டினால் பெரிய எண் வர வேண்டும். நமக்கு வந்தவை 14, 22, 36. ஊசிக்கும் கம்ப்ரஸரின் இரும்பு உடலுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, நம்முடையதில் இல்லை. சுருள்கள் சுகமாயிருந்தன. இந்தக் கூட்டல் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஏழாயிரம் ரூபாய்த் தீர்ப்பு இதைப் போடாமலேயே எழுதப்பட்டது.

திருவள்ளூர்க் கடைத்தெருவில் பழைய ரிலேயைக் காட்டி, அதே மாதிரி ரிலேயும் ஓவர்லோடும் 220 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். கம்ப்ரஸரின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் இருந்த மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டு போனோம். சாமான் பொருந்தாவிட்டால் கம்ப்ரஸருக்கே ஆபத்து. இந்தத் தடவை நம் கையாலேயே பொருத்தும்படி மாணவர் செய்தார். மூடியைப் போட்டுப் பிளக்கைச் சொருகினோம். ஒரு சிறு முனகல். 'டக்' என்ற சப்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அது வரவில்லை. 'உர்ர்' என்று சீராக ஓடத் தொடங்கிவிட்டது. மறு நாள் காலை உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டியது. பானைக்குள் வனவாசம் செய்த மருந்துப் புட்டிகள் வேறு இடம் சேர்ந்தன. மருந்துக் கடைக்காரரையும் வைத்தியரையும் கலந்துகொண்டு, பானையில் இருந்தவற்றை முதலில் உபயோகிப்பது என்றும், சர்க்கரையின் அளவை அடிக்கடி பார்த்துவருவது என்றும் ஏற்பாடு செய்தோம்.

ரிலே ஏன் உடைந்தது? மின்சாரம் நின்று உடனே திரும்பி வரும்போது, குழாய்களில் அழுத்தம் சமமாகியிராது. அந்தச் சமயத்தில் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறும். தாழ்ந்த வோல்ட்டும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் பெட்டியை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிஷம் கழித்துப் போடுவது நல்லது. நல்ல ஸ்டெபிலைஸர் இந்த வேலையைத் தானே செய்யும், தொலைக்காட்சிக்குக் கடன் போகாமல் இருந்தால்!

வீட்டிலேயே தீரும் நோய்கள்

அன்று முதல் மாணவரிடம் நாம் கற்றுக்கொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

பெட்டி ஓடுகிறது, ஆனால் குளிர் போதவில்லை என்றால், முதலில் பின்புறத்தைப் பாருங்கள். வெளிக் குழாய்கள் உள்ள பெட்டியானால் தூசியும் பஞ்சும் கம்பளிபோல் படிந்திருக்கும். கம்பளி போர்த்துக்கொண்டவன் உஷ்ணத்தை எப்படி வெளியே விடுவான்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய பிரஷால் துடைத்துவிடுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கட்டும்.

அடுத்தது கதவு. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அங்கே ரப்பர் விளிம்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரால் அழுக்கைக் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தால் பல சமயங்களில் ரப்பர் இளகிப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கிழிந்திருந்தால் புது விளிம்பு மாற்ற வேண்டும்.

பெட்டிக்குள் தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம். உட்சுவரின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. கறிவேப்பிலையோ கொத்தமல்லியோ அதை அடைத்திருக்கும். ஊசி இல்லாத மருந்துக் குழலில் வெதுவெதுப்பான நீரை எடுத்துப் பீய்ச்சினால் வழி பிறந்துவிடும்.

பனி படியாத வகைப் பெட்டிகளில் மேலறை குளிர்ந்து கீழறை குளிராவிட்டால், உள்ளே மறைந்திருக்கும் குழாய்களில் பனி கட்டிக்கொண்டு காற்றை அடைத்திருக்கலாம். அல்லது உள் விசிறி நின்றிருக்கலாம். ஒரு நாள் முழுவதும் அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் பனி உருகும். சில நாட்களில் மறுபடியும் அதே தொல்லை வந்தால், பனியை உருக்கும் சூட்டுக் கம்பியோ அதன் துணைச் சாமானோ பழுது என்று கண்டுகொள்ளலாம்.

கத்தி எடுத்தவன் கதை

இனி, செய்யக் கூடாத காரியங்கள்.

இதற்கு முன் நம்மிடம் இருந்த பெட்டியை நாமே கொன்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். உறைபனி அறையில் பால் பை ஒட்டிக்கொண்டுவிட்டது. அவசரத்தில் சமையல் கத்தியால் நெம்பினோம். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு; அதுதான் அதன் கடைசி மூச்சு. அந்த அறையின் சுவருக்குள்ளேதான் திரவம் ஓடும் அலுமினியக் குழாய் இருக்கிறது. கத்தியைத் தொடாமல், அணைத்துவிட்டு ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்திருந்தால் கால் மணியில் காரியம் முடிந்திருக்கும்.

உள்ளே ஓடும் வாயுவின் விஷயத்தில் ஒருவரும் சொந்தக் கையைக் காட்ட வேண்டாம். முற்காலத்தில் கந்தக வாயு, அமோனியா முதலிய விஷ வாயுக்களை நிரப்பினார்கள். பெர்லினில் ஒரு குடும்பமே அப்படிக் கசிந்த வாயுவால் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்த ஐன்ஸ்டைன், லியோ ஸிலார்டு என்ற இளம் விஞ்ஞானியுடன் சேர்ந்து, 1926 முதல் அசையும் உறுப்பே இல்லாத குளிர்ப் பெட்டிகளை வகுக்க முனைந்தார். பிறகு வந்த பிரியான் வாயு மனிதரைக் கொல்லவில்லை. ஆனால் ஆகாயத்தின் ஓஸோன் படலத்தை அரித்தது. 1987-ல் மான்ட்ரீலில் தேசங்கள் கூடி அதைக் கைவிடுவதென்று உடன்படிக்கை செய்தன. 1992-ல் நம் தேசமும் அதில் சேர்ந்தது. இப்போது பல பெட்டிகளில் ஆர்-600ஏ என்ற வாயு இருக்கிறது. இது ஓஸோனுக்குச் சாதுவானது. ஆனால் சமையல் வாயுவைப் போலத் தீப்பற்றக் கூடியது. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியும் வெளிக் குழாய் சூடாகாமல், உறைபனி அறையின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால் வாயு குறைந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது தேர்ந்த கைகாரரைத்தான் கூப்பிட வேண்டும். கசிந்த ஓட்டையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புகிறவரிடம் பணத்தைக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதாகும்.

சில பெட்டிகளில் கம்ப்ரஸருக்கு அருகில் கெபாஸிட்டர் என்ற டப்பி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தெரியாதவர்கள் தொடலாகாது. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புதுப் பெட்டிகளில் நாம் சொன்ன ரிலே இல்லை. ஒரு மின்னணுப் பலகைதான் அதை நடத்துகிறது. அங்கே நம் கூட்டல் கணக்கு செல்லாது.

கை அறிவு

2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை'யை ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய சாமானைத் திறந்து பார்க்கவும், உதிரிச் சாமான் வாங்கவும், விவரக் குறிப்பைப் பெறவும் நமக்கு வழி வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல காரியந்தான். ஆனால் உரிமையைச் சர்க்கார் கொடுத்தாலும், பெட்டியை நகர்த்திப் பின்னால் எட்டிப் பார்க்கும் சிரமத்தை நாம்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

எல்லாருமே மெக்கானிக் ஆகிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எது நம்மால் ஆகும், எது ஆகாது என்று பிரித்தறிந்தால் போதும். நாடி பார்க்கத் தெரிந்த வீட்டில் வைத்தியரும் ஜாக்கிரதையாகப் பேசுவார்.

இப்போது நம் பள்ளியில் உஷ்ணத்தைப் பற்றிய பாடம் வரும்போது அந்த உடைந்த ரிலேயை வகுப்புக்கு எடுத்துப் போகிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார்கள். முப்பத்தைந்து மார்க்கு வாங்கியவர் நமக்குக் கற்பித்த பாடம் என்று அவர்களுக்குச் சொல்லத் தவறுவதில்லை.

ஸ்டெபிலைஸரும் பழையபடி குளிர்ப் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கிரிக்கெட் பந்தயத்தை இப்போது பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கிறோம்.